சிஏ பவுண்டேஷன் லா பேப்பர்: கோச்சிங் போகாமல் தயாராவது எப்படி?

சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் ஆவதற்கான முதல் நிலைத் தேர்வு சிஏ பவுண்டேஷன். அதில் நான்கு பேப்பர். முதலாவது அக்கவுண்டிங், இரண்டாவது பிசினஸ் லாஸ், மூன்றாவது குவாண்டிடேட்டிவ் ஆப்டிட்யூட், நான்காவது பிசினஸ் எகனாமிக்ஸ். ஒவ்வொன்றும் 100 மதிப்பெண். கடைசி இரண்டும் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை, தப்பு விடைக்குக் கால் பங்கு கழிப்பார்கள். முதல் இரண்டும் மூன்று மணி நேரம் உட்கார்ந்து கையால் எழுத வேண்டியவை.

கோச்சிங் போகாமல் படிப்பவர்கள் பெரும்பாலும் லா பேப்பரைக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். 'கதை மாதிரிதானே இருக்கு, அப்புறம் படிச்சுக்கலாம்' என்று. படிக்கும்போது நன்றாகவே புரியும். தேர்வு அறையில் கேள்வியைப் பார்த்ததும் விடை என்னவென்றுகூடத் தெரியும். ஆனால் அதை ஏழு மதிப்பெண்ணுக்கு எப்படி எழுதுவது என்று தெரியாது. இந்தப் பேப்பரில் தோற்பவர்கள் பலர் படிக்காமல் தோற்பதில்லை, எழுதிப் பார்க்காமல் தோற்கிறார்கள். இதை மனதில் வைத்துத்தான் கீழே உள்ள வரிசையைச் சொல்கிறேன்.

முதலில் எதைக் கையில் எடுப்பது

சிஏ தேர்வை நடத்தும் ஐசிஏஐ இன்ஸ்டிட்யூட்டின் ஸ்டடி மெட்டீரியல் போதும். பதிவு செய்தவர்களுக்குப் புத்தகமாக வரும், இன்ஸ்டிட்யூட் இணையதளத்தில் பிடிஎஃப் இலவசமாகவும் கிடைக்கும். அதனுடன் ஆர்டிபி எனப்படும் ரிவிஷன் டெஸ்ட் பேப்பர், எம்டிபி எனப்படும் மாக் டெஸ்ட் பேப்பர், முந்தைய தேர்வுகளுக்கு இன்ஸ்டிட்யூட் வெளியிடும் சஜஸ்டட் ஆன்சர்ஸ் எனப்படும் மாதிரி விடைகள். இவை எல்லாமே இலவசம். வகுப்பு கேட்டால்தான் ஏறும் என்பவர்களுக்கு இன்ஸ்டிட்யூட்டே நடத்தும் நேரலை வகுப்புகளும் காசில்லாமல் இருக்கின்றன.

பழைய புத்தகம் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. 2024 ஜூன் தேர்விலிருந்து புதிய பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு இதே இரண்டாவது பேப்பரில் சட்டத்துக்கு 60, பிசினஸ் கரஸ்பாண்டன்ஸுக்கு 40 என்று இருந்தது. கடிதம், சுருக்கம் எழுதுவது எல்லாம் இப்போது கிடையாது, முழு 100ம் சட்டம்தான். அதற்கேற்பப் பாடமும் கூடியிருக்கிறது. காண்ட்ராக்ட் ஆக்டில் இன்டெம்னிட்டி, கேரண்டி, பெயில்மென்ட், ப்ளெட்ஜ், ஏஜென்சி சேர்ந்தன. செக் போன்ற ஆவணங்களுக்கான நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் ஆக்டும், இந்தியாவின் ஒழுங்குமுறை அமைப்புகள் பற்றிய ஓர் அத்தியாயமும் புதிதாக வந்தன. சீனியர் அண்ணன் கொடுத்த நோட்ஸ் எவ்வளவு அழகான கையெழுத்தில் இருந்தாலும் எந்த வருஷத்து நோட்ஸ் என்று பார்த்துவிட்டுத் திறங்கள்.

எண்களும் மாறும். கம்பெனீஸ் ஆக்டில் 'ஸ்மால் கம்பெனி' என்பதற்கான பங்கு மூலதன வரம்பு முதலில் 50 லட்ச ரூபாயாக இருந்தது, 2021 ஏப்ரலில் 2 கோடியானது, 2022 செப்டம்பரில் 4 கோடியானது, 2025 டிசம்பரில் 10 கோடியானது. இந்த மாதிரி எண்களை எப்போதும் உங்கள் அட்டெம்ப்டுக்கு வெளியிட்ட ஆர்டிபியில் சரிபார்த்துத்தான் மனப்பாடம் செய்ய வேண்டும்.

தமிழ் மீடியம் மாணவர்களுக்கு

இந்தத் தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத முடியும். தமிழ் கிடையாது. அதனால் தமிழில் படிக்கவே கூடாது என்று அர்த்தமில்லை. தமிழ்நாடு அரசின் 11, 12ஆம் வகுப்பு வணிகவியல் புத்தகங்களில் ஒப்பந்தச் சட்டம், சரக்கு விற்பனைச் சட்டம், மாற்றுமுறை ஆவணச் சட்டம், நிறுமச் சட்டம் எல்லாம் சுருக்கமாக இருக்கின்றன. அந்தப் பாடத்தைத் தமிழில் ஒரு தடவை வாசித்துவிட்டு ஸ்டடி மெட்டீரியலுக்குப் போனால் பாதி பயம் போய்விடும்.

எழுதும் ஆங்கிலம் இலக்கியமாக இருக்கத் தேவையில்லை. சின்னச் சின்ன வாக்கியம் போதும். ஆனால் சட்டச் சொல் மட்டும் பிசகக் கூடாது. 'வாய்ட்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'வாய்டபிள்' என்று எழுதினால் அது எழுத்துப் பிழை இல்லை, சட்டத்தையே மாற்றி எழுதியதாக ஆகிவிடும். முன்னது தொடக்கத்திலிருந்தே சட்டப்படி செல்லாதது. பின்னது செல்லும், பாதிக்கப்பட்டவர் வேண்டாம் என்று சொன்னால் மட்டும் செல்லாமல் போகும். இப்படிப்பட்ட நாற்பது ஐம்பது சொற்களுக்குத் தனி நோட்டுப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் சட்டம் சொல்லும் விளக்கத்தை ஆங்கிலத்தில் அப்படியே எழுதி வையுங்கள். பார்க்காமல் எழுத வரும்வரை அந்த நோட்டை விடாதீர்கள்.

எந்த வரிசையில் படிப்பது

தொடக்கம் இந்தியன் காண்ட்ராக்ட் ஆக்ட், 1872. இதில் அவசரப்படக் கூடாது. மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கை இதற்கே கொடுத்தாலும் தப்பில்லை, ஏனென்றால் மற்றவை இதன்மேல்தான் நிற்கின்றன. சேல் ஆஃப் குட்ஸ் ஆக்ட், 1930 என்பது பொருள் விற்பனைக்கான ஒப்பந்தம். பார்ட்னர்ஷிப் ஆக்ட், 1932 முழுக்க ஏஜென்சியில், அதாவது ஒருவர் இன்னொருவர் சார்பில் செயல்படுவதில், ஓடுகிறது. 18ஆம் பிரிவு ஒவ்வொரு பங்குதாரரையும் நிறுவனத்தின் ஏஜென்ட் என்கிறது. அதனால் காண்ட்ராக்ட் ஆக்டின் ஏஜென்சி யூனிட்டை முடித்த கையோடு பார்ட்னர்ஷிப் எடுத்தால் பாதிப் பாடம் ஏற்கெனவே படித்தது போல இருக்கும்.

அடுத்து எல்எல்பி (லிமிடெட் லையபிலிட்டி பார்ட்னர்ஷிப்) ஆக்ட், 2008. இதைத் தனியாகப் படிக்காமல் பார்ட்னர்ஷிப்போடு ஒப்பிட்டே படிக்க வேண்டும். சாதாரணப் பங்குதாரர் நிறுவனத்தின் கடனுக்குத் தன் சொத்து வரை பொறுப்பாவார், எல்எல்பியில் அப்படி இல்லை. எல்எல்பி தனியொரு சட்ட நபர், பார்ட்னர்ஷிப் நிறுவனம் அப்படி இல்லை. இப்படி இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்று அட்டவணை போட்டால், 'வேறுபடுத்துக' வகைக் கேள்விக்கு விடையும் அதுவே. அதன்பின் கம்பெனீஸ் ஆக்ட், 2013. கடைசியில் நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் ஆக்ட், 1881. ஆர்பிஐ, செபி, கம்பெனி விவகார அமைச்சகம், நீதிமன்ற அமைப்பு ஆகியவை வரும் முதல் அத்தியாயம் புத்தகத்தில் முதலில் இருக்கிறது என்பதற்காக அதிலிருந்து தொடங்க வேண்டாம். சட்டம் பழகியபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

ஒரு யூனிட்டை எப்படிப் படிப்பது

ஒரே பாடத்தை இங்கே செய்து காட்டுகிறேன்: முன்மொழிவும் ஏற்பும் எப்போது முழுமையாகின்றன, அதை எப்போது திரும்பப் பெறலாம். காண்ட்ராக்ட் ஆக்டின் 4, 5ஆம் பிரிவுகள். முதல் வாசிப்பில் எல்லாரும் தடுமாறும் இடம் இது.

பிரிவைப் படித்ததும் உதாரணத்துக்குப் போகாமல் நீங்களே தேதிகளோடு ஒரு சம்பவம் போடுங்கள். மதுரையில் இருக்கும் கதிர், தன் ஸ்கூட்டரை 40,000 ரூபாய்க்குத் தருவதாகக் கோவையில் இருக்கும் செல்விக்கு 1ஆம் தேதி கடிதம் போடுகிறார். 3ஆம் தேதி செல்விக்குக் கிடைக்கிறது. 4ஆம் தேதி காலை சம்மதக் கடிதத்தைச் செல்வி தபாலில் சேர்க்கிறார். அதே நாள் மாலை கதிர் மனம் மாறி, விற்கவில்லை என்று இன்னொரு கடிதம் போடுகிறார். அது செல்விக்கு 6ஆம் தேதி வருகிறது. செல்வியின் கடிதம் கதிருக்கு 7ஆம் தேதி போய்ச் சேருகிறது. ஒப்பந்தம் உண்டா?

உண்டு. ஏற்புக் கடிதம் ஏற்பவரின் கையைவிட்டுத் தபாலில் சேர்ந்த நொடியில், முன்மொழிந்தவரைப் பொறுத்தவரை ஏற்பு முழுமையாகிவிடுகிறது. அதாவது 4ஆம் தேதி காலையிலேயே கதிர் கட்டுப்பட்டுவிட்டார். அதன்பிறகு அவர் பின்வாங்க முடியாது. ஆனால் செல்வியைப் பொறுத்தவரை, கடிதம் கதிருக்குத் தெரியவரும் 7ஆம் தேதிதான் ஏற்பு முழுமையாகிறது. அதற்குமுன், உதாரணமாக 6ஆம் தேதி, போன் செய்து வேண்டாம் என்று செல்வி சொல்லியிருந்தால் சட்டம் அதை ஒப்புக்கொள்ளும். ஒரே கடிதம் ஒருவரைக் கட்டிப்போடுகிறது, எழுதியவரை இன்னும் கட்டிப்போடவில்லை. அநியாயமாகத் தோன்றலாம், சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

இப்போது தேதிகளைக் கொஞ்சம் மாற்றுங்கள். கதிரின் ரத்துக் கடிதம் செல்விக்கு 3ஆம் தேதி மாலையே வந்திருந்தால்? செல்வி கடிதத்துக்குப் பதில் போனில் சம்மதம் சொல்லியிருந்தால்? இப்படி மூன்று நான்கு மாற்றம் போட்டு ஒவ்வொன்றுக்கும் விடை சொல்ல முடிந்தால் அந்த யூனிட் முடிந்தது. கேள்வி தயாரிப்பவரும் இதைத்தான் செய்கிறார். (சட்டத்திலுள்ள உதாரணத்தில் முன்மொழிவைத் தந்தி மூலம் ரத்து செய்வார்கள். இந்தியாவில் தந்தி சேவை 2013இல் நின்றுபோனது. படிக்கும்போது வாட்ஸ்அப் என்று மனதில் மாற்றிக்கொள்ள வேண்டாம், உடனடியாகப் போய்ச் சேரும் தகவலுக்கு விதி வேறு.)

ஸ்டடி மெட்டீரியல் புரியாத இடத்தில் பேர் ஆக்ட், அதாவது சட்டத்தின் மூல வாசகத்தையே பார்க்கலாம். மத்திய அரசின் இந்தியா கோட் தளத்தில் எல்லாச் சட்டமும் இலவசம். 1872ஆம் வருஷச் சட்டத்தில் பல பிரிவுகளுக்குக் கீழே இருக்கும் குட்டி உதாரணங்கள், பல கைடுகளின் விளக்கத்தைவிடத் தெளிவாக இருக்கும்.

வழக்குகள் எத்தனை தெரிய வேண்டும்

குறைவாகத்தான். ஒரு கருத்துக்கு ஒரு வழக்கு, அதுவும் பெயரும் இரண்டு வரிக் கதையும் போதும். பொது விளம்பரமே முன்மொழிவாகும் என்பதற்குக் கார்லில் எதிர் கார்பாலிக் ஸ்மோக் பால் கம்பெனி, 1893. கணவன் மனைவிக்குள் சொன்ன வாக்கு ஒப்பந்தமாகாது என்பதற்கு பால்ஃபர் எதிர் பால்ஃபர், 1919. பரிசு அறிவிப்பு தெரியாமலே செய்த வேலைக்குப் பரிசைக் கேட்க முடியாது என்பதற்கு லால்மன் சுக்லா எதிர் கௌரி தத், 1913. நஷ்டஈட்டுக்கு ஹேட்லி எதிர் பேக்ஸென்டேல், 1854. கம்பெனியும் உரிமையாளரும் வேறு வேறு நபர் என்பதற்குச் சாலமன் எதிர் சாலமன், 1897.

இந்தப் பட்டியலில் நம்மூர் வழக்கும் ஒன்று உண்டு: சின்னையா எதிர் ராமய்யா, சென்னை உயர் நீதிமன்றம், 1882. ஒரு மூதாட்டி தன் சொத்தை மகளுக்கு எழுதிவைத்து, உறவினருக்கு வருஷாவருஷம் ஒரு தொகை தர வேண்டும் என்கிறார். மகளும் தருவதாக எழுதிக்கொடுத்துவிட்டு, பிறகு 'நீங்கள் எனக்கு ஒன்றும் தரவில்லையே' என்று மறுக்கிறார். கன்சிடரேஷன், அதாவது வாக்குறுதிக்கு ஈடாகக் கிடைப்பது, அந்த உறவினரிடமிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை, மூதாட்டி கொடுத்ததே போதும் என்று தீர்ப்பானது. இங்கிலாந்துச் சட்டமும் இந்தியச் சட்டமும் பிரியும் முக்கியமான இடம் இது.

பெயர் மறந்துபோனால் 'ஒரு வழக்கில் நீதிமன்றம் இப்படிச் சொன்னது' என்று எழுதிவிட்டுப் போங்கள். பிரிவு எண்ணுக்கும் இதே பேச்சுதான். உறுதியாகத் தெரிந்தால் எழுதுங்கள், சந்தேகமாக இருந்தால் 'இந்தியன் காண்ட்ராக்ட் ஆக்ட், 1872இன் விதிகளின்படி' என்று தொடங்குங்கள். எண் இல்லாத விடை சும்மா இருக்கும், தப்பான எண் போட்ட விடை திருத்துபவரின் கண்ணில் குத்தும்.

விடை எழுதும் முறை

சஜஸ்டட் ஆன்சர்ஸைத் திறந்து பாருங்கள். சம்பவம் சார்ந்த கேள்வி ஒவ்வொன்றுக்கும் விடை மூன்று பத்தியாக இருக்கும்: சட்டம் என்ன சொல்கிறது, அது இந்தச் சம்பவத்தில் எப்படிப் பொருந்துகிறது, முடிவு என்ன. இந்த வரிசை கை தானாகப் போகும் அளவுக்குப் பழக வேண்டும்.

ஒரு கேள்வி: 17 வயது சரவணன், தனக்கு 19 வயது என்று பொய் சொல்லி ஒருவரிடம் 60,000 ரூபாய் கடன் வாங்கிப் பத்திரம் எழுதிக்கொடுக்கிறான். 18 முடிந்ததும் அதே கடனுக்குப் புதிய பத்திரம் எழுதித் தருகிறான். கடன் கொடுத்தவர் பணத்தை வசூலிக்க முடியுமா?

பலர் 'மைனர் என்பதால் முடியாது' என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். விடை சரிதான், மதிப்பெண் ஒன்றோ ஒன்றரையோ. முழு மதிப்பெண் விடை இப்படிப் போகும். முதல் பத்தியில் 11ஆம் பிரிவு: ஒப்பந்தம் செய்பவர் வயது வந்தவராக இருக்க வேண்டும், மைனரின் ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது, மோஹோரி பீபி எதிர் தர்மோதாஸ் கோஷ், 1903. அதே பத்தியில் இன்னும் இரண்டு விதி: வயதைப் பற்றிப் பொய் சொன்னதற்காக எஸ்டாப்பெல் (முன்பு சொன்னதை மாற்றிப் பேசக் கூடாது என்ற விதி) என்று மைனரை மடக்க முடியாது. மேஜரான பிறகு பழைய ஒப்பந்தத்தை உறுதிப்படுத்தவும் முடியாது, மைனராக இருந்தபோது பெற்றது புதிய வாக்குறுதிக்குக் கன்சிடரேஷன் ஆகாது. இரண்டாம் பத்தியில் சரவணனின் பெயர், வயது, தொகை எல்லாவற்றையும் எடுத்து விதியோடு பொருத்த வேண்டும். முதல் பத்திரம் எழுதியபோது 17 வயது, எனவே செல்லாது. இரண்டாவது பத்திரம் 18க்குப் பிறகு எழுதியது என்றாலும் புதிதாகப் பணம் எதுவும் வரவில்லை, எனவே அதுவும் செல்லாது. மூன்றாம் பத்தி ஒரே வரி: கடன் கொடுத்தவர் வசூலிக்க முடியாது.

கவனித்தீர்களா, கேள்விக்குள் மூன்று பொறி இருந்தது: வயது, பொய், புதிய பத்திரம். சம்பவத்தில் தேவையில்லாமல் ஒரு வாக்கியம்கூட வராது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் உங்கள் விடையில் பதில் இருக்கிறதா என்று பார்த்தாலே எதையும் விட மாட்டீர்கள்.

இரண்டாவது வாரத்திலிருந்தே தினமும் ஒரு கேள்வியாவது இப்படி முழுசாக எழுதுங்கள். எழுதிவிட்டு ஸ்டடி மெட்டீரியல் விடையைப் பக்கத்தில் வைத்துச் சிவப்புப் பேனாவால் நீங்களே திருத்துங்கள். விட்டுப்போன சட்டச் சொல்லைக் கோடிட்டுப் பாருங்கள், அனேகமாக ஒரே வகைத் தவறுதான் திரும்பத் திரும்ப வரும். கோச்சிங்கில் காசு கொடுத்து வாங்கும் முக்கியமான விஷயம் இந்தத் திருத்தல்தான். அதைத் தனியாகச் செய்யப் பிடிவாதம் வேண்டும், அவ்வளவுதான்.

மாக் டெஸ்ட்

தேர்வுக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது பாடம் ஒருமுறை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை என்றாலும் மாக் டெஸ்டைத் தள்ளிப்போட வேண்டாம். எம்டிபி பேப்பரை எடுத்து, உண்மைத் தேர்வு நேரமான மதியம் 2 முதல் 5 வரை, போனை வேறு அறையில் வைத்துவிட்டு எழுதுங்கள். 180 நிமிடத்தில் 100 மதிப்பெண் என்றால் ஒரு மதிப்பெண்ணுக்கு இரண்டு நிமிடம்கூட இல்லை. ஏழு மதிப்பெண் கேள்விக்குப் பன்னிரண்டு நிமிடம் தாண்டினால் கடைசிக் கேள்வி அம்போதான். வீட்டில் அமைதி இல்லாதவர்கள் பக்கத்து ஊர் ஐசிஏஐ கிளையில் நேரில் நடத்தும் மாக் டெஸ்டுக்குப் போகலாம்.

எத்தனை மதிப்பெண்ணைக் குறிவைப்பது? ஒவ்வொரு பேப்பரிலும் 40, மொத்தம் 400க்கு 200. லாவில் 40 வாங்கித் தப்பித்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டால், கணிதப் பேப்பரில் மைனஸ் மதிப்பெண் இழுக்கும்போது மொத்தம் காலைவாரிவிடும். லாவில் 60ஐக் குறிவையுங்கள். எழுதிப் பழகியவருக்கு அது எட்டக்கூடியதுதான்.

தேர்வு நாள்

பேப்பரைக் கொடுத்ததும் வாசிக்க மட்டும் 15 நிமிடம் தருவார்கள். ஆறு கேள்வியில் முதலாவது கட்டாயம், மீதி ஐந்தில் ஏதாவது நான்கு. விட வேண்டிய ஒன்றை அந்த 15 நிமிடத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். பாதி எழுதிவிட்டு வேறு கேள்விக்குத் தாவுவது போல நேரத்தை விழுங்குவது வேறெதுவும் இல்லை. ஒரு கேள்வியின் உட்பிரிவுகள் வேறு வேறு சட்டத்திலிருந்து வரும் என்பதால், 'கம்பெனீஸ் ஆக்டையே விட்டுவிடலாம்' என்ற சாய்ஸ் கணக்கு இங்கே பலிக்காது.

கட்டாயக் கேள்வியைத்தான் முதலில் எழுத வேண்டும் என்று இல்லை. நன்றாகத் தெரிந்த கேள்வியோடு தொடங்கலாம். ஒவ்வொரு கேள்வியையும் புதிய பக்கத்தில் தொடங்கி, அதன் உட்பிரிவுகளை ஒரே இடத்தில் எழுதுங்கள். முடிவுப் பத்திக்கு மேலே ஒரு வரி இடம் விடுங்கள், திருத்துபவர் முதலில் தேடுவது அதைத்தான். விதி மறந்துபோய் முடிவு மட்டும் தெரிந்தால், முடிவையும் அதற்கான காரணத்தையும் உங்கள் வார்த்தையில் எழுதுங்கள். வெற்றிடத்துக்கு மதிப்பெண் போட வழியில்லை.

வெளியே வந்ததும் கேட் வாசலில் நின்று 'அந்த மைனர் கேள்விக்கு என்ன எழுதினே?' என்று விசாரிப்பதைத் தவிர்த்துவிடுங்கள். அடுத்து வருவது குவாண்டிடேட்டிவ் ஆப்டிட்யூட். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, கால்குலேட்டரில் பேட்டரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அந்தப் புத்தகத்தை எடுங்கள்.